உலுருவுக்குக் காரில் போய், கேமராவோடு சுற்றி வர: முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே, சிவப்பு மணல்வெளியில் 348 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது உலுரு. அடியைச் சுற்றி அளந்தால் 9.4 கிலோமீட்டர். அங்கே போக நினைக்கிற எல்லோர் மனதிலும் இருப்பது ஒரே படம்தான்: மாலை வெயிலில் தணல்போல் சிவந்த பாறை. அந்தப் படம் எளிதாகவே கிடைத்துவிடும். வானம் தெளிந்திருந்தால் கைப்பேசியிலேயே கிடைக்கும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. உலுருவின் சில பகுதிகளைப் படம் எடுக்கவே கூடாது. எவை, ஏன் என்று தெரியாமல் போகிறவர்கள் தவறு செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். தூரத்தில் நின்று பெரிய லென்ஸால் பாறையின் மடிப்புகளையும் குகைகளையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். மறுநாள் அறிவிப்புப் பலகைகளை நின்று வாசித்தபோதுதான் தெரிந்தது, முந்தின நாள் எடுத்ததில் பாதி எடுக்கக் கூடாதவை. அன்று இரவே உட்கார்ந்து அழித்தேன். இரண்டாம் முறை போனபோது வரிசையை மாற்றிக்கொண்டேன்: முதலில் கேட்பது, அடுத்து நடப்பது, கேமரா கடைசியில். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

போவதற்கு முன்: இது யாருடைய இடம்

உலுருவின் சொந்தக்காரர்கள் அணங்கு மக்கள். பிட்ஜன்ஜாரா, யன்குனிஜாரா மொழிகள் பேசும் பழங்குடியினர். அவர்கள் மொழியில் ‘அணங்கு’ என்ற சொல்லுக்கு ‘மனிதர்’ என்று பொருள். நடுவிலுள்ள எழுத்து நம் ணகரம் போலவே நாக்கை மடித்துச் சொல்லும் ஒலி, அதனால்தான் இங்கே அப்படி எழுதுகிறேன். நம்முடைய ‘அணங்கு’ காதில் விழுவது தற்செயல்தான், சொல்லுறவு எதுவும் கிடையாது. இன்னொன்றும் தமிழர்களுக்குப் பிடிக்கும். உலுருவின் கடைசி ஒலி ஆங்கிலேயர் சொல்வதுபோல் வெறும் ரகரம் இல்லை. அடிக்கோடிட்ட எழுத்தால் அதைக் குறிக்கிறார்கள், ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருக்கம். அங்கே ஒரு வழிகாட்டி சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள். நமக்கு அது உடனே வாயில் வரும்.

1873-இல் வில்லியம் காஸ் என்ற நில அளவையாளர் இதைப் பார்த்து, தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆட்சித் தலைமையிலிருந்த ஹென்றி ஏயர்ஸின் பெயரைச் சூட்டினார். அப்படி வந்ததுதான் ‘ஏயர்ஸ் ராக்’. 1985 அக்டோபர் 26 அன்று நிலம் அணங்கு மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாக 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, அரசோடு சேர்ந்து நிர்வகிக்கிறார்கள். பாறைமேல் ஏற வேண்டாம் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் ஆட்கள் ஏறினார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரையும் விட்டார்கள். கடைசியில் 2019 அக்டோபர் 26 அன்று, நிலம் கைக்கு வந்த அதே தேதியில், ஏறுவது நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. மேற்குப் பக்கம் மேலேறும் வெளிறிய கோடு ஒன்று இன்றும் தெரியும். அத்தனை கால்களும் தேய்த்த தடம் அது.

இப்போது படங்களின் விஷயம். அணங்கு மக்களின் வாழ்க்கைக்கு அடிப்படை ‘ஜுகுர்ப்பா’. படைப்புக் காலக் கதைகள், சட்டம், உறவுமுறை, நிலத்தைப் பற்றிய அறிவு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். முன்னோர் நடந்ததும் சண்டையிட்டதும் பாறையில் குழியாகவும் வடுவாகவும் குகையாகவும் பதிந்திருக்கின்றன. சில இடங்களின் பாறை உருவங்கள் அவர்களுக்குப் புனித நூலின் பக்கங்கள் மாதிரி. அந்தப் பக்கங்களைக் குறிப்பிட்ட ஆட்கள் மட்டுமே, அந்த இடத்துக்கே வந்துதான் பார்க்க வேண்டும். சில பெண்களுக்கு உரியவை, சில ஆண்களுக்கு உரியவை. படம் எடுத்தால் அந்தப் பக்கம் கிழிந்து ஊரெல்லாம் பறக்கிறது. பார்க்கக் கூடாதவர் கண்ணில், எங்கோ ஒரு நகரத்தில், ஒரு திரையில் பட்டுவிடலாம். கருவறைக்குள் கேமராவை நீட்டக் கூடாது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, அதே உணர்வுதான்.

எப்போது போவது

மே முதல் செப்டம்பர் வரை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜூலையில் பகல் வெயில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், நடப்பதற்குச் சுகம். ஆனால் விடியற்காலை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். ‘பாலைவனம்தானே’ என்று மெல்லிய சட்டையோடு சூரிய உதயம் பார்க்கப் போய் நடுங்கி நிற்பவர்களை ஒவ்வொரு காலையிலும் பார்க்கலாம். கம்பளித் தொப்பி, கையுறை, தடித்த ஜாக்கெட் மூன்றும் அவசியம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வரும், சில நடைபாதைகளை முற்பகலிலேயே மூடிவிடுவார்கள்.

மழை நாள் வாய்த்தால் முகம் சுளிக்காதீர்கள். பாறை கருஞ்சாம்பலாக மாறி, இடுக்குகளிலிருந்து அருவிகள் இறங்கும். பயணிகளில் மிகச் சிலருக்கே கிடைக்கும் காட்சி அது.

சாலை

பெரும்பாலோர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு விமானத்தில் போய், அங்கே கார் எடுக்கிறார்கள். உலுருவுக்குப் போகிறவர்கள் தங்கும் ஊரான யுலாராவுக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் உண்டு. ஆனாலும் தரைவழியாகப் போய்ச் சேர்வதை நான் விடமாட்டேன். நாலைந்து மணி நேரம் மணலும் புதரும் மட்டும் பார்த்துக்கொண்டே வந்த கண்ணுக்கு அந்தப் பாறை வேறு மாதிரி தெரியும்.

வழி எளிது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே 200 கிலோமீட்டர் வந்தால் எர்ல்டுண்டா. அங்கே வலப்பக்கம் திரும்பி லாசிட்டர் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 245 கிலோமீட்டர் போனால் யுலாரா. முழுக்கத் தார்ச்சாலை, சாதாரணக் கார் போதும். நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்டுவதால் பழக்கமும் பிரச்சினை இல்லை. நிற்காமல் ஓட்டினால் ஐந்து மணி நேரம். நான் ஏழு மணி நேரம் ஒதுக்குவேன்.

அடிலெய்டிலிருந்து காரிலேயே வர வேண்டுமென்றால் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். கூபர் பீடியில் ஓர் இரவு தங்கி, இரண்டு முழு நாட்கள்.

கார் எடுக்கும்போது இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் அனுமதி. இந்தப் பகுதியில் பல ஒப்பந்தங்களில் தினசரி வரம்பு இருக்கும், தாண்டினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு. இரண்டு, இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டலாமா. பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை, மீறி ஓட்டி மாட்டைக் கங்காருவை இடித்தால் காப்பீடு கிடைக்காது. சூரிய உதயமும் அஸ்தமனமும் பார்க்கத்தானே போகிறோம். யுலாராவுக்கும் பூங்காவுக்கும் இடையே இருட்டில் ஓட்டலாமா என்று குறிப்பாகக் கேளுங்கள். முடியாது என்றால் அந்த இரண்டு வேளைக்கு மட்டும் யுலாராவிலிருந்து கிளம்பும் பேருந்துச் சுற்றுலாவை எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் திறந்த பகுதிகளில் 130 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி உண்டு. அந்த வேகம் தேவையே இல்லை, 110 போதும். எதிரே ‘ரோடு டிரெயின்’ வரும்: மூன்று, நான்கு பெட்டிகள் கோத்த லாரி, 53.5 மீட்டர் வரை நீளம். அதை முந்துவதற்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் தெளிவான சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். எதிரில் வரும்போது காற்று காரைத் தள்ளும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடியுங்கள். சாலையில் செத்துக் கிடக்கும் கங்காருவைத் தின்னும் ஆப்புவால் கழுகுகள் மெதுவாகத்தான் எழும்பும், எழும்பும்போது கார் வரும் பக்கமே வரும். தூரத்தில் பார்த்ததும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். காட்டு ஒட்டகங்களும் வரும்.

பெட்ரோலை எர்ல்டுண்டாவில் நிரப்புங்கள். அடுத்து கர்ட்டின் ஸ்பிரிங்ஸ், அதற்கு அடுத்து யுலாரா, இவற்றை நம்பிப் போகலாம். கைப்பேசி சிக்னல் ஊர்களை ஒட்டித்தான் கிடைக்கும், அதனால் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கு வைத்துக் காரில் ஏற்றுங்கள். பஞ்சர், ரேடியேட்டர் என்று ஏதாவது வந்து நின்றால் காரை விட்டு நடந்து போகவே கூடாது. காரின் நிழலில் இருங்கள், அடுத்த வண்டி கட்டாயம் நிற்கும்.

கர்ட்டின் ஸ்பிரிங்ஸுக்கு முன்னால் இடப்பக்கம் ஒரு பெரிய மலை தெரியும். காரில் எல்லோரும் ‘உலுரு வந்துடுச்சு’ என்று கத்துவார்கள். அது அட்டிலா, வரைபடத்தில் மவுண்ட் கானர். தட்டையான உச்சியைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். அங்கே வண்டி நிறுத்தும் இடம் உண்டு. மலையை எடுத்துவிட்டுச் சாலையின் மறுபக்கம் போய், சிவப்பு மணல்மேட்டில் ஏறிப் பாருங்கள்: அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று உப்பு ஏரி விரிந்து கிடக்கும். நிறுத்துகிறவர்களில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

தங்கல், நுழைவுச்சீட்டு

பூங்காவுக்குள் தங்க முடியாது. எல்லோரும் யுலாராவில்தான் தங்குகிறார்கள். அங்கிருந்து பாறை சுமார் 20 கிலோமீட்டர். கூடாரம் போடும் இடம் முதல் நட்சத்திர விடுதி வரை உண்டு, எல்லாமே விலை கூடுதல், பள்ளி விடுமுறைகளில் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். சாப்பாட்டுக்கு ஒரு பல்பொருள் அங்காடி இருக்கிறது. சைவம் சாப்பிடுபவர்கள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே அரிசி, பருப்பு, காய்கறி வாங்கிவிடுவது நல்லது. சிறிய குக்கர் ஒன்றைக் கொண்டுபோனால் மூன்று நாளும் கவலை இல்லை.

பூங்காவுக்கு மூன்று நாள் சீட்டு, நான் போனபோது பெரியவர்களுக்கு 38 டாலர். 18 வயதுக்குக் கீழே இலவசம். வலைத்தளத்திலேயே வாங்கிவிடலாம். திறக்கும், மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். ஜூன், ஜூலையில் காலை 6.30, கோடையில் காலை 5 மணி. இரவில் பூங்கா மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள், நட்சத்திரப் படத் திட்டம் இதைப் பொறுத்தது.

குறைந்தது இரண்டு இரவுகள். மூன்று என்றால் மனநிறைவாக இருக்கும்.

முதல் நாள்: கலாச்சார மையம்

யுலாராவில் பையை இறக்கிவிட்டு நேரே பாறைக்கு ஓடாதீர்கள். முதலில் பூங்காவுக்குள் இருக்கும் கலாச்சார மையம். மண்ணால் செய்த செங்கற்களால், இரண்டு பாம்புகளின் வடிவத்தில் வளைந்து கிடக்கும் கட்டடம். ஒன்று குனியா என்ற மலைப்பாம்புப் பெண், மற்றது லிரு என்ற நச்சுப்பாம்பு. உள்ளே படம் எடுக்கக் கூடாது. கேமராவைப் பையிலேயே வைத்துவிடுங்கள், ஒரு மணி நேரம் கண்ணும் காதும் போதும்.

இங்கே மூன்று வேலைகள். ஜுகுர்ப்பா பற்றிய காட்சிகளைப் பொறுமையாகப் பாருங்கள். பூங்கா வரைபடத்தை வாங்கி, படம் எடுக்கக் கூடாத பகுதிகள் எவை என்று மேசையில் இருப்பவரிடம் கேட்டுப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ரேஞ்சர் அழைத்துப் போகும் மாலா நடை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், அது இலவசம். கட்டடத்திலேயே கலைக் கூடங்கள் இருக்கின்றன. மரத்தில் செதுக்கி, சூடு போட்டுக் கோலமிட்ட பல்லியோ பாம்போ ஒன்றை மாருகு கூடத்தில் வாங்கினால் செய்தவர்களுக்கே பணம் போகும்.

அணங்கு மக்களைக் கண்டதும் கேமராவைத் தூக்க வேண்டாம். கேட்காமல் எடுப்பது மிகப் பெரிய அவமரியாதை. பாறைக்கு அருகே இருக்கும் முட்டிஜுலு கிராமம் அவர்கள் வசிக்கும் ஊர், அனுமதியில்லாமல் உள்ளே போகக் கூடாது.

அன்று மாலை அஸ்தமனம் பார்க்கும் இடத்துக்குப் போங்கள். கார் நிறுத்தும் இடமே பார்வையிடமும். ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இறங்கும், எதிரே பாறை ஆரஞ்சு, செங்கல், கருஞ்சிவப்பு என்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

சூரியன் மறைந்த அடுத்த நிமிடம் கார்கள் கிளம்ப ஆரம்பிக்கும். நீங்கள் கிளம்பாதீர்கள். பாறை ஒருகணம் செத்ததுபோல் மங்கும். அதற்குப் பிறகுதான், பத்துப் பதினைந்து நிமிடத்தில், பாறைக்குப் பின்னால் கீழ்வானத்தில் நீலச் சாம்பல் பட்டை ஒன்று எழும்பும், அதற்கு மேலே ரோஜா நிறப் பட்டை. நீலம் பூமியின் நிழல். தூசியில்லாத பாலைவன வானத்தில் அது அவ்வளவு துல்லியமாகத் தெரியும். அந்த நிழலுக்கு முன்னால் நிற்கும் உலுருதான் எனக்குப் பிடித்த படம். பூங்கா மூடும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: சுற்றி நடப்பது

விடியலுக்கு தலிங்குரு நியகுன்ஜாகு என்ற பார்வையிடம். பெயரைச் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள். பாறையின் தென்கிழக்கில், மணல்மேட்டின்மேல் 2009-இல் திறந்த இடம். அங்கிருந்து உலுருவும் தொலைவில் கட்டா ஜூட்டா என்ற குன்றுக் கூட்டமும் ஒரே சட்டகத்துக்குள் வரும். குளிர்காலத்தில் சூரியன் வலப்பக்கமாக எழும்பும், அதனால் பாறையின் பாதி ஒளியிலும் பாதி நிழலிலும் இருக்கும். கோடையில் முகம் முழுவதும் வெளிச்சம். நிழல் விழுந்த படத்துக்குத்தான் நான் வாக்களிப்பேன், பாறையின் கனம் அதில்தான் தெரிகிறது.

அப்புறம் நடை. மாலா வண்டி நிறுத்தத்தில் தொடங்கி, வலஞ்சுழியாக முழுச்சுற்று 10.6 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். பாதை சமதளம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போனவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. மலையே புனிதம், அதை வலம் வருவதே பார்ப்பது என்று பழகிய நமக்கு இங்கே கால்கள் தாமாகவே நடக்கும். வெயில் காலத்தில் 11 மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஈக்கள் கண்ணிலும் மூக்கிலும் மொய்க்கும். தொப்பிமேல் மாட்டும் முகவலை யுலாராவில் கிடைக்கும், கூச்சப்படாமல் வாங்கிப் போடுங்கள்.

தொடக்கத்திலேயே மாலாவின் கதை வரும். மாலா என்பது சிறிய வாலபி, கங்காருவின் சின்ன உறவு. மாலா முன்னோர்கள் வடக்கிலிருந்து வந்து சடங்கு தொடங்கியிருந்தார்கள். மேற்கிலிருந்து வந்தவர்கள் தங்கள் சடங்குக்கு அழைத்தபோது, தொடங்கியதை நிறுத்த முடியாது என்று மறுத்தார்கள். கோபமடைந்தவர்கள் குர்ப்பனி என்ற பேய்நாயை ஏவினார்கள். தொடங்கிய காரியத்தை முடித்தாக வேண்டும் என்பதை இந்தக் கதையை வைத்துத்தான் அணங்குப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். ரேஞ்சரோடு நடந்தால் எந்தக் குகை முதியவர்கள் அமர்ந்தது, எது சமையல் செய்தது என்று காட்டுவார். பாதையின் முடிவில் கண்ட்ஜு பள்ளத்தாக்கு: செங்குத்துச் சுவர், அடியில் நீர், அப்படி ஒரு அமைதி. பிற்பகலில் அந்தச் சுவர் சிவந்து எரியும்.

கண்ட்ஜுவைத் தாண்டியதும் வடக்கு, வடகிழக்குப் பக்கம் தொடங்கும். இங்கேதான் பலகைகள் அடிக்கடி வரும். ‘இங்கிருந்து’ என்று ஒரு பலகை, ‘இதுவரை’ என்று இன்னொன்று. இடையில் படமோ வீடியோவோ கூடாது. நான் செய்வது இது: முதல் பலகையைப் பார்த்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு, கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிடுவேன். கழுத்தில் தொங்கினால் கை தானாகவே போகும். கைப்பேசிக்கும் இதே விதிதான், நடந்துகொண்டே வீடியோ எடுப்பவர்கள் இங்கே நிறுத்திவிட வேண்டும்.

கேமராவை உள்ளே வைத்த அந்தப் பகுதிதான் எனக்கு இன்றும் அதிகம் நினைவில் இருக்கிறது. சட்டகம் தேடாத கண் பாறையின் தோலைப் பார்க்கிறது. செதில் செதிலாக உரியும் துரு, தேன்கூடுபோல் அரித்த குழிகள், மழைநீர் வழிந்து கருத்த கோடுகள், காலடியில் ஸ்பினிஃபெக்ஸ் புல் உரசும் சத்தம்.

தெற்குப் பக்கம் வந்ததும் குனியா நடை. முட்டிஜுலு நீர்நிலை வரை போய் வர ஒரு கிலோமீட்டர். குனியா தன் உடன்பிறப்பின் மகனைக் கொன்ற லிருவைக் கட்டையால் அடித்த இரண்டு வடுக்கள் பாறைமேல் தெரியும். வளைந்து ஓடும் கருங்கோடு குனியாவின் உடல். நீர்நிலையையும் அருகே உள்ள குகை ஓவியங்களையும் படம் எடுக்கலாம், ஓவியத்தைத் தொடக் கூடாது. காலையின் மென்வெயிலில் நீரில் பாறையின் நிழல் விழும். அகலக் கோண லென்ஸ் வேலை செய்யும் இடம் இது.

குகைக்குள் போகும்போது நிறத்தைக் கவனியுங்கள். உள்ளே பாறை சாம்பல் நிறம்! உலுருவின் அசல் நிறம் அதுதான். இரும்புத்தாது காற்றுபட்டுத் துருப்பிடித்ததால்தான் வெளியே சிவப்பு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மலைகளிலிருந்து அடித்து வந்த மணல் படிந்து இறுகி, பிறகு நிலம் புரண்டபோது படுக்கையாக இருந்த அடுக்குகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிமிர்ந்துவிட்டன. தூரத்திலிருந்து தெரியும் நெடுங்கோடுகள் அந்த அடுக்குகள்தான்.

கேமரா விஷயம்

முழுப் பாறைக்கு 35 முதல் 70 மி.மீ. வரை போதும். 16 மி.மீ. போட்டால் உலுரு கடுகாகிவிடும், நீர்நிலைக்கும் பள்ளத்தாக்குக்கும்தான் அது. 200 மி.மீ. லென்ஸ் இங்கே ஆபத்தானது என்பேன். பார்வையிடத்தில் பலகை இல்லாவிட்டாலும், தூரத்திலிருந்து இழுத்து எடுக்கும் குகை விலக்கப்பட்ட குகையாக இருக்கலாம். என் முதல் பயணத் தவறு அதுதான். முழுப் பாறையும் வரும்படி எடுங்கள், அல்லது அனுமதி உண்டு என்று உறுதியாகத் தெரிந்த பகுதியை மட்டும் நெருங்குங்கள்.

வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடவே விடாதீர்கள். கேமரா அந்தச் சிவப்பைக் கோளாறு என்று நினைத்து வெளுக்க வைத்துவிடும். பகல் ஒளி அமைப்பில் பூட்டுங்கள். ரா கோப்பில் எடுப்பவர்களும் இதைச் செய்தால் திரையில் உண்மை தெரியும். அஸ்தமனத்தில் முதலில் வெடிப்பது சிவப்பு அலைவரிசை. ஒளியின் அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தத்தில் சரியாக இருக்கும், சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும், பாறையின் நுணுக்கமெல்லாம் ஒரே அப்பலாகிவிடும். ஒளியளவை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைத்து எடுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, முக்காலி. கைப்பேசி என்றால் பாறைமேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியைப் பூட்டி, சற்றே கீழே இழுங்கள்.

செம்மண் தூசி மாவு போல. லென்ஸ் மாற்றுவதைக் காருக்குள், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் செய்யுங்கள். ட்ரோன் பூங்காவுக்குள் தடை. வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். படத்தை விற்கவோ விளம்பரத்துக்கோ எடுப்பதென்றால் பூங்கா நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், மீறினால் அபராதம்.

நட்சத்திரங்களுக்கு யுலாராவின் ஓரம் போதும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நிலவில்லாத இரவில், பால்வெளியின் மையம் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே போகும். தமிழ்நாட்டில் அது தெற்கு வானில் பாதி உயரத்தில்தான் தெரியும். முதல் பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் அண்ணாந்து நில்லுங்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும்.

மூன்றாம் நாள்: கட்டா ஜூட்டா

யுலாராவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ‘பல தலைகள்’ என்று பொருள். 36 குன்றுகள், அவற்றில் உயரமானது நிலத்திலிருந்து 546 மீட்டர், உலுருவைவிடவும் உயரம். இது அணங்கு ஆண்களின் சடங்குகளுக்கு உரிய இடம். கதைகள் வெளியாருக்குச் சொல்லப்படுவதில்லை, கேட்கவும் வேண்டாம். குறித்த பாதையை விட்டு விலகாதீர்கள்.

நேரமும் காலும் இருந்தால் ‘காற்றுகளின் பள்ளத்தாக்கு’ நடை, 7.4 கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் உண்டு. வெப்பம் 36 டிகிரியைத் தொடும் நாட்களில் 11 மணிக்கு மேல் உள்பாதையை மூடிவிடுவார்கள். சிறு பிள்ளைகளோடு போனால் வால்பா பள்ளத்தாக்கு போதும்.

கிளம்பும் முன்

கடைசி இரவு விடுதியிலேயே உட்கார்ந்து எல்லாப் படங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். நீங்கள் பேனாவால் குறித்த வரைபடத்தைப் பக்கத்தில் வையுங்கள். சந்தேகமாக இருந்தால் அழித்துவிடுங்கள். பின்னணியில் தெரியாமல் விழுந்திருந்தாலும் அதையே செய்யுங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், படம் அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேர் கைக்குப் போய்விடும். பகிரும்போது பெயரை ‘உலுரு’ என்றே எழுதுங்கள்.

இன்னொரு பரிசோதனையும் உண்டு. ஒரு துண்டுப் பாறையோ பிடி மணலோ எடுத்துப் போனவர்கள், மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு அதைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி உலகின் பல நாடுகளிலிருந்தும் பூங்காவுக்குப் பொட்டலங்கள் வருகின்றன. ‘மன்னிப்புக் கற்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர். எந்தக் கல் எந்த இடத்தினுடையது என்று தெரியாததால் திரும்ப வைப்பதும் அவர்களுக்குச் சிரமம். அதனால் கடைசியாகக் காரில் ஏறும் முன் செருப்பை நன்றாகத் தட்டுங்கள், பையின் மூலைகளைத் துழாவுங்கள். பிள்ளைகளின் கால்சட்டைப் பாக்கெட்டை மறக்காமல் பாருங்கள். அழகான சிவப்புக் கூழாங்கல் அங்கேதான் இருக்கும்.